விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ: தூண் நடுவதற்கு முன்னால் ஜி.எஸ்.டி. சாலைக்காரர்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஜிஎஸ்டி_ஓரம்

திருத்திய திட்ட அறிக்கைப்படி 15.46 கி.மீ., உயர்த்தப்பட்ட பாதை, 13 நிலையங்கள், ரூ. 9,335 கோடி. இப்போது விமான நிலையத்தோடு நிற்கும் சென்னை மெட்ரோவின் நீல வழித்தடம் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் தொடும். எப்போது வரும், வருமா வராதா என்ற சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன, இங்கே வேண்டாம்.

கேள்வி இதுதான். தடுப்புத் தகரம் வைத்த பிறகு சாலையோரத்துக்காரர் பேச்சு எடுபடாது. அதற்கு முன்னால் வீட்டுக்காரர், கடைக்காரர், குடியிருப்போர் நலச்சங்கம் எதையெல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் அளவு, காரணத்தோடு எழுதுங்கள். "வளர்ச்சி என்றால் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்" வகைப் பதில்களைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

பைல்_கேப்

வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று தெரிந்தால் எப்போது எதற்கு விழித்திருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் மண் பரிசோதனை. லாரியில் ஒரு சின்ன ரிக் வந்து சாலை நடுவில் துளை போட்டு மண், பாறை மாதிரி எடுத்துப் போகும். அடுத்து சோதனைக் குழி. இதைக் கையால்தான் தோண்டுவார்கள், இடுப்பளவோ ஆளுயரமோ ஆழம் இருக்கும். மின்வாரியக் கேபிள், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, ஆப்டிக் ஃபைபர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கத்தான் இது. பிறகு அவற்றை இடம் மாற்றுவார்கள். உங்கள் தெருவில் முதல் தொல்லை இங்கேதான் ஆரம்பம், தூணில் அல்ல. பழைய குழாயின் வரைபடமும் மண்ணுக்கடியில் இருப்பதும் ஒத்துப்போவது அபூர்வம். வீட்டு இணைப்புகளை புதுக் குழாய்க்கு மாற்றும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும். மூன்று மாதம் கழித்துக் கழிவுநீர் எதிர்த்து வரும்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு துளைத் தூண், அதாவது பைல். ஒரு தூணுக்கு 1.2 மீட்டர் விட்டத்தில் நாலு பைல், 20 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைலுக்கு 22.6 கன மீட்டர் மண், நாலுக்கு 90. தோண்டிய மண் உப்பும், ஆகவே 115 கன மீட்டர் வரை வரும். 10 கன மீட்டர் டிப்பரில் ஒரு தூணுக்கு 11, 12 நடை. 28 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் கிலோமீட்டருக்கு 35 தூண். பைல் மண் மட்டுமே 400 நடைக்கு மேல். எல்லாம் இரவில்தான் போகும். உங்கள் தெரு அந்த டிப்பருக்குக் குறுக்குவழியா என்பதை இப்போதே கவனியுங்கள்.

பல்லாவரத்துக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் பாறை. இந்தப் பாறைக்கு அறிவியல் பெயர் வைத்ததே இங்கே எடுத்த மாதிரியை வைத்துத்தான். சில இடங்களில் தரையை ஒட்டியே தட்டுப்படும். அழுத்த வலிமை 100 மெகாபாஸ்கலுக்கு மேல் சாதாரணம். பாறைக்குள் பைலை இறக்க இரண்டு வழி உண்டு: சுழல் ரிக்கில் பாறை வெட்டும் பேரல் போட்டு அறுப்பது, அல்லது டன் கணக்கில் எடையுள்ள உளியைத் தூக்கித் தூக்கிப் போடுவது. இரண்டாவது மலிவு. அக்கம்பக்கச் சுவர் விரிசல் புகார்களில் பெரும்பகுதி அதனால்தான் வருகிறது. "பாறைப் பகுதியில் உளி அடிக்கக் கூடாது, சுழல் ரிக் மட்டும்" என்று கருத்துக் கேட்புக் கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஏறாததை அப்புறம் தளத்தில் நின்று கேட்டுப் பயனில்லை.

நீர்மட்டம்_குறையுது

ஆழ்துளைக் கிணறு வற்றிவிடும், நுரை நுரையாகத் தண்ணீர் வரும் என்கிறார்களே? அண்ணா சாலையில் பேருந்தே உள்ளே போனதே?

பைல்_கேப்

அது சுரங்கப் பாதை. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியது சுரங்கம் தோண்டும் இயந்திரம் கீழே போய்க்கொண்டிருந்தபோது. போர்வெல்லில் நுரை வருவதும் அந்த இயந்திரம் மண்ணை இளக்கப் பயன்படுத்தும் கலவையால். இங்கே மேலே போகும் பாதை, அந்தக் கதை பொருந்தாது.

இங்கே உண்மையான தண்ணீர்ப் பிரச்சினை மழைநீர் வடிகால். துளை இடியாமல் இருக்க பென்டோனைட் களிக்கரைசல் ஊற்றுவார்கள். கான்கிரீட் போடப் போட அது மேலே வரும். தொட்டியில் பிடித்து, மணல் பிரித்து, மறுபடி பயன்படுத்த வேண்டும். அவசரத்தில் பக்கத்து வடிகாலில் விட்டுவிட்டால் சில வாரத்தில் சிமெண்ட் பூச்சு மாதிரி அடியில் இறுகிக்கொள்ளும். ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது. நவம்பரில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது "வரலாறு காணாத மழை" என்பார்கள்.

ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்கும் சிறுபாலங்கள் ஒவ்வொன்றையும் செப்டம்பரில் திறந்து பார்த்து, அடிமட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் வண்டல் இருக்கிறது என்று அளந்து, படம் எடுத்து, தேதியோடு வையுங்கள். பீர்க்கன்காரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர் ஏரிகளின் உபரிநீர் வழிகளுக்கு இது கட்டாயம். வேலை தொடங்கிய பின் வரும் முதல் செப்டம்பரில் மறுபடி அளந்தால் வித்தியாசமே சாட்சி.

ஜிஎஸ்டி_ஓரம்

வடிகால் புகார் யாருக்கு? மெட்ரோ நிறுவனம், நெடுஞ்சாலை, மாநகராட்சி என்று மூன்று பேரும் கையை நீட்டுவார்கள்.

சர்வே_எண்

பல்லாவரத்திலிருந்து பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் வரை 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி. சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு மனு போட்டு ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். வண்டலூர், கிளாம்பாக்கம் அதற்கு வெளியே, ஊராட்சி. சாலை தேசிய நெடுஞ்சாலை. வேலை நடக்கும் காலத்தில் தடுப்புக்குள் இருக்கும் பகுதிக்கு ஒப்பந்ததாரர்தான் பொறுப்பு. ஆகவே மனு மூவருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டு நகலைக் குறிப்பிட்டு. முதல்வரின் உதவி மையம் 1100-இல் பதிந்து எண் வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை, ஏற்புக் கையெழுத்து உள்ள நகல்தான் பின்னால் உதவும்.

நில எடுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸப்பில் சுற்றுவது பாதி தவறு.

சென்னை மெட்ரோவுக்கு நிலம் எடுத்தது தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997-இன் கீழ். 2013 மத்தியச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு, 70 அல்லது 80 சதவீதம் பேர் சம்மதம் எல்லாம் இதில் கிடையாது. 2019-இல் மாநில அரசு இந்தச் சட்டத்துக்கு மறுஉயிர் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டுவிட்டது. "சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது" என்று எவராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தின்படி: சந்தை மதிப்பு, அதன் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை, ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் மதிப்பு. சந்தை மதிப்பைப் பெருக்கும் காரணி நகர்ப்புறத்தில் 1 மட்டுமே.

முதலில் வருவது 1997 சட்டத்தின் 3(2) பிரிவு நோட்டீஸ், "ஏன் எடுக்கக் கூடாது" என்று கேட்டு. இதை வாங்க மறுப்பதும், வாங்கி அலமாரியில் வைப்பதும்தான் பெரிய தவறு. நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். "எதிர்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் ஒரு வரியில் தள்ளுபடி. "என் மனையில் முன்பக்கம் 4 மீட்டர் போனால் தூண் வரிசை ஒன்று போகிறது, மீதிக் கட்டடம் நிற்காது, அருகில் காலியாக உள்ள இந்த சர்வே எண்ணை வாசலுக்குப் பரிசீலிக்கவும்" என்று வரைபடத்தோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காகிதம்: பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புலப்படம், 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அங்கீகரித்த வரைபடம். அடிக்கடி சிக்குவது பட்டா. தாத்தா பெயரில் இருக்கும், வாரிசு ஏழு பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் வாரிசுச் சான்றுக்கு அலைவீர்கள். பட்டா மாறுதலை இந்த மாதமே தொடங்குங்கள்.

பீம்_காலம்

பாதி நிலம் போகிறவர்களுக்கு ஒன்று. கட்டடத்தை நேர்க்கோட்டில் வெட்ட முடியாது. வெட்டுக்கோடு இரண்டு காலங்களுக்கு (கட்டடத்தைத் தாங்கும் தூண்களுக்கு) நடுவே விழுந்தால் உத்தரம் அந்தரத்தில் நிற்கும். அடுத்த காலம் வரிசை வரை இடிக்க வேண்டும், அல்லது வெட்டுமிடத்தில் புதுக் காலமும் அடித்தளமும் போட வேண்டும். மதிப்பீட்டில் வெட்டுக்கோடு வரைதான் சதுர அடி போடுவார்கள். கட்டமைப்புப் பொறியாளர் அறிக்கையோடு "பாதுகாப்பாக வெட்ட வேண்டிய கோடு இது" என்று கேட்டால் கூடுதல் பரப்பும் கணக்கில் வர வாய்ப்பு உண்டு. ஷட்டர், விளம்பரப் பலகைச் சட்டம், போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க், மின் இணைப்பு மாற்றம் தனித்தனி வரியாக வர வேண்டும். "கட்டடம்" என்று ஒரே தலைப்பில் போனால் இவை காணாமல் போகும்.

நிலம் போகாதவர்களுக்கு விரிசல்தான் பிரச்சினை. தூணுக்கு அருகிலுள்ள கட்டடங்களை ஒப்பந்ததாரர் முன்கூட்டியே ஆய்வு செய்வார். ஆய்வுக்கு வருபவர் கூடத்தில் நாலு படம் எடுத்துக் கையெழுத்து கேட்பார். அவசரப்படாதீர்கள். லிண்டல் மூலைகள், சன்ஷேடு சேருமிடம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், மாடிப்படி அடிப்பக்கம், காம்பவுண்டு சுவர் ஐந்தும் பதிவாக வேண்டும். காம்பவுண்டு சுவருக்கு அடித்தளம் குறைவு, அதுதான் முதலில் விடும். அறிக்கையின் நகல் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே உள்ள விரிசலுக்குக் குறுக்கே சன்னமான கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எப்பாக்ஸி வைத்து ஒட்டி, தேதியைப் பெயிண்டில் எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே பூச்சு விரிசல், பயமில்லை. 5 மில்லிமீட்டரைத் தாண்டி, கதவும் சிக்க ஆரம்பித்தால் உடனே எழுத்தில் புகார். அதிர்வு அளவீடும் கேட்கலாம். வழக்கமாகப் பார்க்கும் ஜெர்மன் தரப்படி குடியிருப்பு அடித்தளத்தில் குறைந்த அதிர்வெண்ணுக்கு விநாடிக்கு 5 மில்லிமீட்டர், பழமையான கட்டடத்துக்கு 3.

ஒப்பந்ததாரர் எடுக்கும் காப்பீட்டில் மூன்றாம் நபர் இழப்புக்கும் இடம் உண்டு. ஆனால் "வேலைக்கு முன் இது இல்லை" என்று காட்ட முடிந்தவருக்குத்தான் பணம்.

கடைக்கோடி

வீட்டுக்காரர்கள் விரிசலைப் பேசுகிறீர்கள். கடைக்காரனுக்கு தகரம்தான் எமன். நடுவில் தடுப்பு வைத்ததும் பக்கத்துக்கு ஒரு லேன் போய்விடும், கடை முன்னால் வண்டி நிறுத்த விடமாட்டார்கள், யூ டர்ன் மூடப்படும். எதிர்ப்பக்க வாடிக்கையாளர் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வரமாட்டார். ஆற்காடு சாலையில் என்ன நடந்தது என்று வடபழனி, வளசரவாக்கம் வியாபாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் வரை மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் ஒரே தூணில் மாடி மாடியாகப் போகின்றன, வேலையும் அதற்கேற்ப நீளும்.

வணிகர் சங்கம் கேட்க வேண்டியது நஷ்ட ஈடு அல்ல, அது வராது. கேட்க வேண்டியவை: தூண் மேல்பகுதி முடிந்த இடத்தில் தகரத்தை உடனே சுருக்க வேண்டும் (அடுத்த ஒப்பந்ததாரர் வரும் வரை சும்மாவே நிற்கும் தகரம்தான் அதிகம்), தெருமுனையிலும் யூ டர்னிலும் தகரத்துக்குப் பதில் கம்பி வலை, இல்லாவிட்டால் எதிரே வரும் வண்டி தெரியாது, சரக்கு இறக்க இரவு 10-க்கு மேல் இடம், மாற்றுப் போக்குவரத்து அறிவிக்கும் முன் தாம்பரம் காவல் ஆணையரகப் போக்குவரத்துப் பிரிவோடு ஒரு கூட்டம்.

வாடகைக் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 11 மாத முத்திரைத்தாள் ஒப்பந்தம் பீரோவில் கிடந்தால், கட்டடம் எடுக்கப்படும்போது நீங்கள் அங்கே இருந்ததற்கே அத்தாட்சி இல்லை. வணிக உரிமம், ஜி.எஸ்.டி. வரிப் பதிவு, உணவுப் பாதுகாப்புச் சான்று, மின் ரசீது நாலிலும் ஒரே கதவு எண் இருக்க வேண்டும். பழைய எண், புது எண் குழப்பத்தில் விட்டுப்போனவர்கள் நிறைய.

சிட்லபாக்கம்_கிழக்கு

இதெல்லாம் கட்டும்போது வரும் வலி, சில வருடத்தில் போய்விடும். போகாதது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை: வாசல் எங்கே.

ஜி.எஸ்.டி. சாலைக்கு இணையாகவே புறநகர் ரயில் ஓடுகிறது. சாலையை ஒட்டி மேற்கே இருப்பவர்களுக்கு மெட்ரோ நேராக. ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம், செம்பாக்கம் எல்லாம் தண்டவாளத்துக்குக் கிழக்கே. நிலையத்தின் நடைமேம்பாலம் சாலையின் கிழக்கு ஓரத்தில் இறங்கி நின்றுவிட்டால், அத்தனை பேரும் இறங்கி, ரயில்வே பாலம் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். 10 மீட்டர் உயரத்தை இரண்டு தடவை. மூட்டுவலிக்காரர் ஆட்டோதான் பிடிப்பார்.

டிக்கெட் கூடத்தின் தளத்திலிருந்தே சாலையையும் தண்டவாளத்தையும் ஒரே மட்டத்தில் தாண்டி கிழக்குப் பக்கம் இறங்கும் பாலம் வேண்டும். நடுவில் புறநகர் நடைமேடைக்கு ஒரு இறக்கம். ரயில்வே நிலத்தின் மேல் போவதால் தெற்கு ரயில்வே ஒப்புதல் வேண்டும், 25 கிலோவோல்ட் மின்கம்பிக்கு மேல் உயரம் விட வேண்டும், கர்டர் தூக்க ரயிலை நிறுத்தி நேரம் வாங்க வேண்டும். இதனால்தான் "இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்" என்று தள்ளுவார்கள். நிலையத் தூண்களையும் கூடத் தளத்தையும் வடிவமைக்கும்போதே பாலத்துக்கான முனையை விட்டு வைத்தால் பின்னால் சேர்ப்பது சுலபம். விடாவிட்டால் சுவரை உடைக்க வேண்டும், யாரும் உடைக்க மாட்டார்கள். சங்கங்கள் ஒரே ஒரு கோரிக்கை வைப்பதானால் இதை வையுங்கள்.

ஐந்துரூபாய்_டிக்கெட்

புறநகர் ரயில் பக்கத்திலேயே ஓடும்போது 9,335 கோடி எதற்கு? குறைந்த கட்டணம் அதில் 5 ரூபாய், மெட்ரோவில் 10, அதிகபட்சம் 50. அந்தப் பணத்தில் பாதியில் மின்ரயில் எண்ணிக்கையைக் கூட்டி, நிலையங்களைச் சரிசெய்யலாமே. இப்போது ஏ.சி. மின்ரயிலும் விட்டிருக்கிறார்கள்.

சிட்லபாக்கம்_கிழக்கு

ஏ.சி. ரயிலின் குறைந்த கட்டணம் 35 ரூபாய், அதை உதாரணம் காட்டாதீர்கள். மற்றபடி கேள்வி நியாயம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றல்ல. மின்ரயில் கடற்கரைக்குப் போகிறது. நீல வழித்தடம் கிண்டியிலிருந்து அண்ணா சாலை வழியாகப் போகிறது, ஆலந்தூரில் மாறினால் வடபழனி, கோயம்பேடு. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போன பிறகு, பெட்டி படுக்கையோடு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இறங்குகிறவர்களுக்கு நேரடி வழி வேண்டியிருக்கிறது. முதல் ரயில் எத்தனை மணிக்கு என்பது இந்த நீட்டிப்பின் மிக முக்கியமான எண். காலை 5 மணிக்கு முதல் ரயில் என்றால் 4 மணிக்கு வந்து இறங்கும் மதுரைப் பேருந்துக்காரருக்கு ஆட்டோதான்.

மின்ரயிலை மேம்படுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடும் பழக்கம்தான் தவறு, இரு பக்கமும்.

திருவொற்றியூர்19

நீட்டிப்பு வந்து முடிந்த ஊரிலிருந்து சில தகவல். வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர், சுமார் 9 கி.மீ., ரூ. 3,770 கோடி. 2016-இல் அடிக்கல், 2021 பிப்ரவரி 14-இல் ஓட்டம். ஆனால் திருவொற்றியூர் தேரடி நிலையம் 2022 மார்ச்சில்தான் திறந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ரயில் தலைக்கு மேல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தடம் திறக்கும் தேதியும் உங்கள் நிலையம் திறக்கும் தேதியும் ஒன்று என்று நம்பி வீட்டு வாடகையைக் கூட்டவோ கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கவோ வேண்டாம். எந்த நிலையத்தின் வாசலுக்கு நிலம் கையில் வரவில்லையோ அதுதான் பின்தங்கும்.

இன்னொன்று, வாசல் கட்டடம் படிக்கட்டும் லிஃப்டும் மட்டுமல்ல. தீயணைப்புத் தொட்டி, துணை மின்நிலையம், ஜெனரேட்டர் எல்லாம் அதோடு வரும். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு விதி உண்டு: கட்டட உயரத்துக்கு மேல், ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தில் 0.2 மடங்கு மீட்டர். 400 கே.வி.ஏ. என்றால் 4 மீட்டர் மேலே. பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க வரைபட நிலையிலேயே சொல்லுங்கள். ரயில் சத்தம் தரைத்தளத்தில் தெரியாது, தடத்தின் மட்டத்துக்கு வரும் மூன்றாவது, நான்காவது மாடிக்குத்தான். குடியிருப்புப் பகுதியில் சட்ட வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஜி.எஸ்.டி. சாலை ஏற்கெனவே அதைத் தாண்டியிருக்கும் என்பதால், வேலைக்கு முந்தைய அளவீடு இல்லாமல் எந்தத் தடுப்புச் சுவரும் கேட்க முடியாது.

மனை_விலை

குரோம்பேட்டையில் இப்போதே "மெட்ரோ அருகில்" என்று சதுர அடிக்கு ஏற்றிச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பீம்_காலம்

விலையை விடுங்கள், அந்த மனையில் எவ்வளவு கட்டலாம் என்று பாருங்கள். தமிழ்நாடு கட்டட விதிகளில் அடிப்படைத் தளப்பரப்பு மனைப் பரப்பைப் போல் 2 மடங்கு. பணம் கட்டி வாங்கும் கூடுதல் பரப்பு சாலை அகலத்தைப் பொறுத்தது: 9 மீட்டருக்கு 30 சதவீதம், 12-க்கு 40, 18-க்கும் மேலே 50. இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி மனையில் 9 மீட்டர் சாலை என்றால் 12,480 வரை, 18 மீட்டர் என்றால் 14,400 வரை. 20 அடிச் சந்தில் இருந்தால் நிலைய வாசலே எதிரில் இருந்தாலும் 9,600-க்கு மேல் கிடையாது.

பல்லாவரம், குரோம்பேட்டையில் இன்னொரு பூட்டு விமான நிலைய உயரக் கட்டுப்பாடு. விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தில் மனை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து. தரையின் மட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு.

ஜிஎஸ்டி_ஓரம்

நன்றி. சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப்போக முதலில் நாலு வேலை குறித்திருக்கிறேன்: பட்டா, சிறுபால அளவு, சத்த அளவீடு, கிழக்குப் பக்கப் பாலத்துக்கு எல்லாச் சங்கங்களின் கூட்டு மனு. சம்ப் பற்றி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். விரிசல் விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

பைல்_கேப்

இரவு மோட்டாரையும் வரும் குழாய் வால்வையும் மூடிவிட்டு, சம்ப் நிரம்பிய நிலையில் உள்சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் எடுக்காமல் விட்டுப் பாருங்கள். மூடி போட்ட சம்ப்பில் மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கக் கூடாது. இறங்கினால் இப்போதே கசிவு இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதித்துப் பதிவு செய்யுங்கள். கோடு, தேதி, அளவுநாடா மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.